குதிரைக்கு வைட்டமின் கொடுப்பதற்கு முன்: எங்கள் பெண் குதிரையின் ஒன்றரை ஆண்டு

குதிரை இளைத்தாலும், நொண்டினாலும், உடம்பின் மினுமினுப்புக் குறைந்தாலும் நம் பக்கத்தில் முதலில் காதில் விழுவது "சத்துப் பத்தலை" என்ற பேச்சுத்தான். அதன் பின்னால் ஒரு டானிக் புட்டியோ, ஒரு டப்பா வைட்டமின் பவுடரோ வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். மாடு வளர்ப்பவருக்குத் தெருவுக்கு ஒரு அனுபவசாலி கிடைப்பார். குதிரை வளர்ப்பவருக்குச் சுற்றுவட்டாரத்தில் கேட்க ஆளே இருக்காது. எங்கள் பெண் குதிரை நோயில் கிடந்த ஒன்றரை ஆண்டுக் காலத்தில் பெரும்பாலும் நான் தனியாகத்தான் அலைந்தேன். டானிக், பவுடர், ஊசி, பரிசோதனை, வண்டி வாடகை எல்லாம் சேர்ந்து 85,000 ரூபாய்க்கு மேல் போயிற்று. அதைவிட, வாய் பேச முடியாத அந்த உயிர் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. நான் கால்நடை மருத்துவர் அல்லன். இங்கே வரும் கணக்குகள், கடைசியில் எங்களுக்குக் கிடைத்த நல்ல மருத்துவர் ஒருவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தவையும், அதற்குப் பிறகு நானே தேடிப் படித்து உறுதி செய்துகொண்டவையும் ஆகும்.

அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையில் அவளை வாங்கினோம். கத்தியவாரி இனம், ஆறு வயது, நல்ல நடை. காங்கேயம் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்தில் மாடுகளுக்காகச் சொட்டுநீரில் கோ-4 கம்பு நேப்பியர் புல் போட்டிருந்தோம். அதையே நறுக்கி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கிலோ பச்சையாக அவளுக்கும் போட்டோம். காலையும் மாலையும் சேர்த்து 3 கிலோ கோதுமைத் தவிட்டைத் தண்ணீரில் பிசைந்து வைப்போம். ஒரு கிலோ கொள்ளை வேகவைத்துக் கொடுப்போம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "ராஜ தீவனம்" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். எனக்கும் அதில் நிறைவு இருந்தது. இந்தத் தீவனப் பட்டியலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் அத்தனைக்கும் வேர் இதில்தான் இருக்கிறது.

ஓராண்டு கழிந்த பிறகு அவள் லேசாக நொண்டத் தொடங்கினாள். ஒரு வாரம் முன்னங்கால் இடதுபுறம், அடுத்த வாரம் பின்னங்கால், பிறகு எதுவும் இல்லாததுபோல் இரண்டு நாள் நடை, மீண்டும் வேறொரு காலில் தாங்கல். லாடம் அடிப்பவர் நான்கு குளம்புகளையும் தட்டி, இடுக்கியால் அழுத்திப் பார்த்துவிட்டுக் குளம்பில் ஒன்றும் இல்லை என்றார். கொள்ளை மெல்லும்போது தலையைச் சாய்த்து மெதுவாக மென்றாள். பாதி மென்ற புல் உருண்டையாகத் தொட்டிக்கு அருகில் விழுந்து கிடந்தது. குதிரைகளோடு பழகிய ஒரு பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "எலும்புக்குச் சத்து பத்தலைங்க, கால்சியம் டானிக்கைக் கூட்டிக் குடுங்க, பத்து நாள்ல ஓடும் பாருங்க" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்பதுதான் இந்தக் கதையின் கொடுமை. எலும்பில் கால்சியம் குறைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது ஏன் குறைகிறது என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை.

முதலில் மாடுகளுக்கான கால்சியம் டானிக் வந்தது. நாள்தோறும் 100 மில்லி. பத்து நாளில் மாற்றம் இல்லை என்றதும் வைட்டமின் ஏ, டி3, ஈ கலந்த பவுடர் ஒன்று சேர்ந்தது. பிறகு குளம்புக்கென்று பயோட்டின் பவுடர், பசி எடுக்கவென்று ஈரல் டானிக், அதற்கும் மேலே தாது உப்புக் கலவை. ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் சொன்னார்கள். ஒவ்வொன்றின் மீதும் அச்சிட்ட அளவுப்படியே கொடுத்தோம். மாதச் செலவு 3,000 ரூபாயைத் தாண்டியது. இதில் முதலில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. புட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு, அந்த ஒரு புட்டியை மட்டும் கொடுப்பவருக்காக எழுதப்பட்டது. பக்கத்து டப்பாவில் அதே வைட்டமின் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. இந்த ஐந்தில் மூன்றில் டி3 (வைட்டமின் டியின் ஒரு வகை) இருந்தது. ஐந்தையும் ஒரே மேசையில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நாளைக்கு எத்தனை அலகு (உறையில் IU என்று இருக்கும்) உள்ளே போகிறது என்று கூட்டிப் பார்க்கும்படி எங்களுக்குச் சொல்ல அப்போது ஒருவர்கூட இல்லை.

நொண்டல் குறையாததால் இரத்தப் பரிசோதனை செய்யலாம் என்றார்கள். அருகில் கால்நடை ஆய்வகம் இல்லாததால் இரத்தம் மனிதர்களுக்கான தனியார் ஆய்வகம் ஒன்றுக்குப் போனது. வந்த அறிக்கையில் வைட்டமின் டி என்ற வரிக்கு நேராகச் சிவப்பு எழுத்தில் "கடும் குறைபாடு" என்று இருந்தது. அதைப் பார்த்து மனம் பதைத்துவிட்டது. அப்போது மருத்துவம் பார்த்தவர் ஆறு லட்சம் அலகு கொண்ட டி3 ஊசியை வாரம் ஒன்றாகத் தொடர்ந்து போடச் சொன்னார். போட்டோம். அந்தச் சிவப்பு எழுத்துக்குப் பொருளே இல்லை என்பது பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. குதிரையின் இரத்தத்தில் வைட்டமின் டி இயல்பாகவே மனிதரைவிட மிகக் குறைவாக இருக்கும். நன்றாக இருக்கும் குதிரையின் அளவைக்கூட மனித ஆய்வகத்தின் கணினி குறைபாடு என்றுதான் அச்சிடும். கால்சியத்தில் இது தலைகீழ். மனிதருக்கு டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இயல்பு என்றால், குதிரைக்கு 11 முதல் 13 வரை இயல்பு. ஆகவே குதிரையின் இரத்த அறிக்கையை எந்த விலங்குக்கான எல்லையோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று பார்க்காமல், அதில் உள்ள சிவப்பு, பச்சை எழுத்துகளை நம்பி ஒரு மருந்தையும் தொடங்கக் கூடாது. இயன்றால் கால்நடை மருத்துவக் கல்லூரி வழியாகவே அனுப்புங்கள்.

ஊசிகள் தொடங்கிச் சில வாரங்களில் அவள் வேறு மாதிரி ஆனாள். தண்ணீர்த் தொட்டியை ஒரே மூச்சில் பாதியாக்கிவிட்டு மீண்டும் வந்து நிற்பாள். லாயத்துத் தரை எந்நேரமும் ஈரமாகவே கிடந்தது. தவிட்டை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கழுத்தும் முதுகும் விறைத்துப்போய், திரும்புவதற்கே மரப்பெட்டியைத் தள்ளித் திருப்புவது போல் முழு உடம்பையும் சேர்த்துத் திருப்பினாள். விலா எலும்புகள் தெரிந்தன. இரவில் எழுந்து போய் டார்ச் அடித்துப் பார்ப்பேன். அவள் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பாள். விற்றுவிடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். இந்த நிலையில் வாங்குபவர் என்ன செய்வார் என்று தெரிந்திருந்ததால் நான் ஒப்பவில்லை. கோபமும் அழுகையும் மாறி மாறி வந்தன. யார் மீது கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. சொன்னவர்கள் எல்லோருமே நல்ல எண்ணத்தில் சொன்னவர்கள்.

கடைசியில் வண்டி பிடித்து ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். அங்கே பார்த்த மருத்துவர், கொடுத்துக்கொண்டிருந்த எல்லாப் புட்டி, டப்பாக்களையும் தீவன மாதிரியையும் கையோடு எடுத்துவரும்படி முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லியிருந்தார். அவர் முதலில் செய்தது அவளுடைய முகத்தைத் தடவிப் பார்த்ததுதான். இரண்டு கண்களுக்கும் கீழே, கன்ன எலும்பின் மேட்டுக்கு மேலே, இருபுறமும் லேசான வீக்கம் இருந்தது. நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் கண்ணுக்கு அது படவே இல்லை. விரல் கணுவால் அந்த இடத்தைத் தட்டினார். உள்ளே காற்று இருக்கும் எலும்பைத் தட்டினால் கேட்க வேண்டிய வெற்றுச் சத்தம் வரவில்லை. நனைந்த பலகையைத் தட்டியதுபோல் அடங்கிய ஓசை வந்தது. என் விரலைப் பிடித்துத் தாடையின் அடி விளிம்பில் வைத்தார். கூர்மையாக இருக்க வேண்டிய விளிம்பு தடித்து உருண்டிருந்தது. உங்களிடம் குதிரை இருந்தால் மாதம் ஒருமுறை இதைச் செய்து பாருங்கள். இதற்குச் செலவும் இல்லை, ஆய்வகமும் தேவையில்லை.

அதன் பிறகு அவர் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டார். முதலில் அவளுடைய எடை. நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, பிறகு தோள் முனையிலிருந்து புட்டத்து முனை வரையுள்ள உடல் நீளத்தால் பெருக்கி, 11,877-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் ஏறத்தாழ எடை கிடைக்கும். அவளுக்குச் சுற்றளவு 165, நீளம் 150. வகுத்தபோது 344 கிலோ வந்தது. அதுவரை எல்லோரும் கண்ணளவில் 450 கிலோ இருக்கும் என்று சொல்லி, அதற்கேற்ற அளவில்தான் மருந்து கொடுத்துவந்தோம். தையற்காரர் வைத்திருக்கும் நாடா ஒன்று போதும். எடை தெரியாமல் எந்த வைட்டமினையும் அளக்க முடியாது, ஏனெனில் தேவையும் உச்ச வரம்பும் கிலோ எடைக்கு இத்தனை அலகு என்றுதான் இருக்கின்றன.

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2007-இல் குதிரைகளுக்கான ஊட்டத் தேவைகளைத் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. உலகெங்கும் மருத்துவர்கள் அதைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். அதன்படி வேலை இல்லாத முதிர்ந்த குதிரைக்கு ஒரு நாளில் உடல் எடையில் கிலோவுக்கு வைட்டமின் ஏ 30 அலகு, வைட்டமின் டி 6.6 அலகு, வைட்டமின் ஈ ஓர் அலகு வேண்டும். 344 கிலோவுக்குக் கணக்கிட்டால் டி ஏறத்தாழ 2,300 அலகு. டியின் பாதுகாப்பான உச்ச வரம்பு கிலோவுக்கு 44 அலகு, அதாவது அவளுக்கு 15,000 அலகு. நாங்கள் கொடுத்த மாட்டு டானிக்கின் உறையில் 100 மில்லிக்கு டி3 16,000 அலகு என்று பொடி எழுத்தில் இருந்தது. அந்த ஒரு புட்டியே வரம்பைத் தொட்டுத் தாண்டிவிட்டது. பவுடரும் தாது உப்பும் அதற்கு மேல். வாரம் ஆறு லட்சம் என்ற ஊசியை நாள் கணக்கில் பிரித்தால் 85,000 அலகுக்கு மேல் வருகிறது, அதாவது உச்ச வரம்பைப் போல் ஐந்து மடங்குக்கும் கூடுதல். அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

வைட்டமின் பி, சி போன்றவை தண்ணீரில் கரைபவை. மிஞ்சியது பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். ஏ, டி, ஈ, கே ஆகியவை கொழுப்பில் கரைபவை. அவற்றிலும் ஏயும் டியும்தான் உடம்பில் தேங்கி அதிகம் துன்பம் தருகின்றன. டி மிஞ்சினால் குடல் கால்சியத்தையும் பாஸ்பரஸையும் அளவுக்கு மீறி உறிஞ்சுகிறது. அந்தத் தாதுக்கள் இரத்தக் குழாய், இதயம், சிறுநீரகம், தசைநார் ஆகிய மெல்லிய இடங்களில் போய்ப் படிகின்றன. தாகம், சிறுநீர்ப் பெருக்கு, பசியின்மை, விறைப்பு என்று நாங்கள் பார்த்ததெல்லாம் இதன் அறிகுறிகளே. முறிமருந்து கிடையாது. கொழுப்பில் சேர்ந்த டி மெல்ல மெல்ல வெளியேறும் வரை காத்திருந்து, நரம்பு வழியாக நீர் ஏற்றிச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற வேண்டும். இவ்வளவுக்கும், நாள் முழுவதும் திறந்தவெளியில் நிற்கும் குதிரைக்கு நம் ஊர் வெயிலே தோலில் டியை உண்டாக்கிக் கொடுத்துவிடுகிறது. வெயிலில் காய்ந்த புல்லிலும் அது இருக்கிறது. லாயத்தை விட்டு வெளியே வராத குதிரையாக இருந்தாலொழிய, தனியாக டி வாங்கிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் தமிழ்நாட்டில் அரிதாகவே வரும்.

சரி, முதலில் நொண்டியது எதனால்? அதற்கான விடை அந்தத் தாளின் மறுபக்கத்தில் வந்தது. கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் 1.1 விழுக்காடு அளவில் இருக்கிறது, கால்சியமோ அதில் எட்டில் ஒரு பங்குதான். அவளுடைய மூன்று கிலோத் தவிட்டில் பாஸ்பரஸ் 33 கிராம், கால்சியம் 4 கிராம். கொள்ளில் இரண்டும் மூன்று கிராம் அளவில். புல்லில் ஏறத்தாழக் கால்சியம் 16, பாஸ்பரஸ் 12. கூட்டினால் கால்சியம் 23 கிராம், பாஸ்பரஸ் 48 கிராம். குதிரைக்குக் கால்சியம் குறைந்தது பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். ஒன்றரை அல்லது இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. இங்கே பாதிதான் இருக்கிறது. அந்தப் புல்லின் கால்சியமும் அவளுக்குக் கிடைக்கவில்லை. நேப்பியர் வகைப் புல்லில் ஆக்சாலிக் அமிலம் அதிகம். உலர் எடையில் 2 முதல் 4 விழுக்காடு வரை இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. வேதிக் கணக்கில் 100 கிராம் ஆக்சாலிக் அமிலம் 44 கிராம் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சாலேட்டைச் சிதைத்துவிடுவதால் மாடு அதே புல்லைத் தின்று கொழிக்கிறது. குதிரைக்கு நுண்ணுயிர்கள் பெருங்குடலில் இருக்கின்றன, கால்சியமோ அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட வேண்டும். அங்கே அது கட்டுண்டு கிடக்கிறது.

உணவில் கால்சியம் கிடைக்காதபோது கழுத்தில் உள்ள துணைத் தைராய்டு சுரப்பி தூண்டப்பட்டு, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி இரத்தத்துக்கு அனுப்புகிறது. எலும்பு இருந்த இடத்தில் நார்த்திசு வளர்கிறது. தாடையிலும் முகத்திலும் அது வீக்கமாகத் தெரிகிறது, கால் மாற்றி நொண்டுகிறது, பல் ஆடுவதால் மென்ற புல் கீழே விழுகிறது. பெரிய தலை நோய் என்றும் தவிட்டு நோய் என்றும் இதை நெடுங்காலமாகவே அறிந்திருக்கிறார்கள். எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டுவதால் இரத்தத்தில் கால்சியம் இயல்பாகவே இருப்பதாகப் பரிசோதனை காட்டும். சிறுநீரில் வெளியேறும் பாஸ்பரஸை அளந்தால்தான் உண்மை தெரியும். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் குதிரையை மேயவிடுபவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். நம் கொழுக்கட்டைப்புல்லும் ஆக்சாலேட் மிகுந்த வகைதான். ஆஸ்திரேலியாவில் அந்தப் புல்லை மட்டுமே மேய்ந்த குதிரைகளுக்கு இந்த நோய் வந்திருக்கிறது. மாட்டுக்கு அருமையான அந்தப் புல்லைக் குதிரைக்கு வேறு தீவனத்தோடு கலந்துதான் கொடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் டானிக்கின் இடம் எங்கே என்று பாருங்கள். 100 மில்லியில் கால்சியம் 3.3 கிராம்தான், அதோடு பாஸ்பரஸும் 1.6 கிராம் சேர்ந்தே வருகிறது. தீவன வகைச் சுண்ணாம்புக்கல் மாவு 50 கிராமில் 19 கிராம் கால்சியம் இருக்கிறது, பாஸ்பரஸ் இல்லை, டி இல்லை, விலையும் சொற்பம். மாதக் கணக்காக நாங்கள் ஊற்றிய டானிக் எலும்புக்குக் கொடுத்ததைவிட, சிறுநீரகத்துக்குச் செய்த கேடே பெரிது.

சிகிச்சை எளிதாக இல்லை. எலும்பு நோய்க்குக் கால்சியம் வேண்டும், டி மிகுந்த உடம்பில் கால்சியத்தைக் கூட்டவும் முடியாது. எனவே முதலில் எல்லாப் புட்டிகளையும் நிறுத்தி, தவிட்டையும் நேப்பியரையும் விலக்கி, நீர் ஏற்றி, இரத்தத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். டி தணியத் தணியத்தான் சுண்ணாம்புக்கல் மாவைக் கொஞ்சமாகத் தொடங்கினார்கள். தாகம் சில வாரங்களில் குறைந்தது. நொண்டல் மறைய மூன்று நான்கு மாதம் ஆயிற்று. முக வீக்கம் ஓரளவுக்கு வற்றியது. முழுவதும் போகாது என்று மருத்துவர் முன்பே சொல்லிவிட்டார். அவளை இனிப் பெரிய ஓட்டத்துக்குப் பயன்படுத்த வேண்டாம் என்றும் சொன்னார். அன்று வண்டியில் திரும்பும்போது எனக்கு வந்தது மகிழ்ச்சியா துக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்வதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். குதிரை பல வைட்டமின்களைத் தானே செய்துகொள்கிறது. பி வகைகளையும் கேயையும் பெருங்குடல் நுண்ணுயிர்கள் தருகின்றன. சியை ஈரல் தயாரிக்கிறது. பச்சைப்புல் தாராளமாகக் கிடைக்கும் குதிரைக்கு ஏயும் ஈயும் அதிலேயே வந்துவிடும். புல் காய்ந்து, மாதக் கணக்கில் போரில் கிடந்தால் இந்த இரண்டும் குறைந்துவிடுகின்றன. ஆகவே உண்மையில் ஒரு வைட்டமின் தேவைப்படும் குதிரை என்றால், அது கோடை முழுவதும் சோளத்தட்டையே தின்னும் குதிரைதான். அதற்கு வேண்டியது பெரும்பாலும் ஈ. நீண்ட காலம் ஈ கிடைக்காத குதிரைக்கு நரம்பும் தசையும் தளர்ந்து நிற்கவே நடுங்கும் நோய்கூட வரும். பயோட்டின் சில குதிரைகளுக்குக் குளம்பைத் திடப்படுத்துவது உண்மை. ஆனால் நாளுக்கு 15 முதல் 20 மில்லிகிராம் வரை கொடுத்து, குளம்பு மேலிருந்து கீழ்வரை புதிதாக வளர்ந்து வரும் ஒன்பது மாதம், ஓராண்டு காத்திருக்க வேண்டும். ஒரே மாதத்தில் குளம்பு மாறும் என்று சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள். பிடரிமயிரும் வாலும் கொட்டினால் பயோட்டின் வாங்குவதற்கு முன்பு, சவுண்டல் இலை போடுகிறீர்களா என்று பாருங்கள். அதில் உள்ள மைமோசின் குதிரைக்கு அந்த மயிரைத்தான் கொட்ட வைக்கும்.

வெளிறி இளைத்த குதிரைக்கு இரும்புச்சத்து டானிக் கொடுப்பது நம்மிடம் பெரிய வழக்கம். தீவனத்திலேயே இரும்பு தேவைக்கு மேல் இருக்கிறது, மிஞ்சிய இரும்பை வெளியேற்றக் குதிரைக்கு வழி கிடையாது. அது ஈரலில் தேங்கும். இரத்தம் குறைவதற்கு நம் நாட்டில் ஈ கடித்துப் பரவும் சர்ரா, உண்ணி வழியே வரும் இரத்த ஒட்டுண்ணி நோய், குடற்புழு ஆகியவை பெரும் காரணங்கள். ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்க்கச் சொல்லுங்கள். சர்ராவில் டானிக் கொடுத்துக் கடத்தும் ஒவ்வொரு வாரமும் உயிருக்கு ஆபத்து. செலினியம் உள்ள பவுடரில் கூடுதல் விழிப்பு வேண்டும். 500 கிலோக் குதிரைக்கு நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் அளவே போதும். தேவைக்கும் நஞ்சுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறைவு. 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் புளோரிடாவில் போட்டிக்கு வந்த வெனிசுவேலாவைச் சேர்ந்த போலோ அணி ஒன்றின் 21 குதிரைகள், தவறான அளவில் செலினியம் கலக்கப்பட்ட வைட்டமின் ஊசியால் அடுத்தடுத்துச் செத்து விழுந்தன. உலகின் மிகச் சிறந்த பராமரிப்பில் இருந்த குதிரைகள் அவை. உறை இல்லாத, கடையில் கலந்து கட்டிக் கொடுக்கும் பவுடரையோ ஊசியையோ நான் இப்போது தொடுவதே இல்லை.

நம் மேற்கு மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாமக்கல் பக்கம் கோழித்தீவன வைட்டமின் கலவைகள் மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கின்றன. கோழிக்கும் குதிரைக்கும் வைட்டமின் ஒன்றுதானே என்று என்னிடமும் ஒருவர் ஒரு பை கொண்டுவந்தார். கோழித்தீவனத்தில் இரத்தக்கழிச்சலைத் தடுக்க மோனென்சின், சாலினோமைசின், மதுராமைசின் போன்ற மருந்துகளைச் சேர்ப்பார்கள். கோழி தாங்கும் அளவில் நூறில் ஒரு பங்கு மோனென்சின் குதிரையைக் கொன்றுவிடும். உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் போதும். முதலில் தீவனத்தை மறுக்கும், வியர்க்கும், வயிற்றுவலி போல் உருளும், பின்னங்கால் தள்ளாடும், பிறகு இதயம் நின்றுவிடும். பிழைத்தாலும் இதயத் தசையில் தழும்பு நின்றுவிடும். இதற்கும் முறிமருந்து இல்லை. கோழித்தீவனம், கோழிக் கலவை, கோழித்தீவனம் அரைத்த அதே இயந்திரத்தில் அரைத்த தீவனம் எதையும் குதிரைத் தொட்டிக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். சந்தேகம் இருந்தால், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலேயே தீவனப் பகுப்பாய்வுக்கென்று பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் இருக்கிறது. கொடுப்பதற்கு முன்பே மாதிரியை அனுப்பிக் கேட்டுக்கொள்ளலாம்.

ஊசியாகப் போடும் வைட்டமின்கள் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். கே3 எனப்படும் மெனாடியோன் ஊசி குதிரையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் என்பது தெரிந்த செய்தி. இரும்பு ஊசிக்கும், நரம்பில் வேகமாக ஏற்றும் பி1 ஊசிக்கும் ஒவ்வாமை அதிர்ச்சியில் குதிரைகள் விழுந்திருக்கின்றன. வாய் வழியாகக் கொடுக்கக்கூடிய ஒன்றை ஊசியாகப் போட வேண்டும் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள். கேட்பதை மரியாதைக் குறைவாக எந்த நல்ல மருத்துவரும் எடுத்துக்கொள்ள மாட்டார்.

இப்போது அவளுக்குக் கொடுப்பது நாளுக்கு நான்கு கிலோக் காய்ந்த சோளத்தட்டு, பூஞ்சணம் இல்லாத நிலக்கடலைக் கொடி அல்லது உலர்த்திய குதிரைமசால் இரண்டு கிலோ, கொள்ளு ஒரு கிலோ, உப்பு 30 கிராம், சுண்ணாம்புக்கல் மாவு 30 கிராம். தவிடு வாரத்தில் ஒருநாள், ஒரு கை. பச்சை குறைந்துவிட்டதால் மருத்துவர் சொன்ன அளவில் வைட்டமின் ஈ மட்டும் எண்ணெயில் கலந்து கொடுக்கிறேன். பச்சைப்புல் தின்ற நாட்களில் தேவைப்படாத அந்த ஒன்று, இப்போதுதான் தேவைப்படுகிறது. லாயத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். அதில் அவளுடைய எடை, தீவனத்தின் எடை, கொடுக்கும் ஒவ்வொரு பொருளின் ஏ, டி, ஈ, செலினியம், கால்சியம், பாஸ்பரஸ் அளவுகள், கீழே கூட்டுத்தொகை. புதிதாக எதையாவது சேர்க்கச் சொன்னால் அந்தத் தாளைக் காட்டி, இதில் எந்த வரி குறைகிறது என்று கேட்கிறேன். சேர்த்தால் ஒரு நேரத்தில் ஒன்றுதான், அதுவும் தேதி குறித்து. உங்கள் குதிரைக்கு இப்படி ஒரு தாள் போட வேண்டுமென்றால் எல்லா உறைகளையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தீவனத்தை ஒரு நாள் தராசில் வைத்து எடை போடுங்கள், நாடாவால் எடையைக் கணக்கிடுங்கள். அந்த மூன்றையும் கொண்டு போனால், எந்தக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் அரை மணி நேரத்தில் கூட்டிச் சொல்லிவிடுவார்கள்.